இரட்டைச் சம்பளக் கடல்

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்பிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். எங்கள் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல் வழியாக ஐரோப்பா போகும். செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஒன்றிரண்டு கப்பல் கம்பெனிகள் மட்டும் போர் அபாய இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் எங்களிடம் சேர்த்து வாங்கிக்கொண்டு பழைய வழியிலேயே ஓடின.

ஒருநாள் காலை, ஐரோப்பாவில் எங்கள் சரக்கை வாங்கும் பையரிடமிருந்து மெயில்: தாமதமானால் ஆர்டர் ரத்து. முதலாளி என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“கிளாரா, எது சீக்கிரம் போவுமோ அதுல போடும்மா. சுத்திப் போனா நாம காலி.”

செங்கடல் வழியில் போகும் கப்பலுக்கே புக்கிங் கேட்டு எழுதினேன். கன்டெய்னர் எப்போது போய்ச் சேரும் என்பதுதான் எங்களுக்குக் கவலை. நடுவில் என்ன கடல் என்று யார் கேட்டார்கள்?

பேச்சியம்மாள் கொண்டுவந்த பால்கோவா

அன்று மதியம் பேக்கிங் செக்‌ஷன் பேச்சியம்மாள் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தாள். வன்னியம்பட்டிக்காரி. ஒரே மகன் கார்த்தி, சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை.

“எடுத்துக்கோங்க மேடம். எம்மவனுக்கு ரெட்டைச் சம்பளம் தாராவளாம். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம்.”

எடுத்த பால்கோவா வாய்க்குப் போகவில்லை. போர் அபாயப் பகுதிக்குள் போகும் நாட்களுக்குத்தான் கப்பலில் இரட்டைச் சம்பளம்.

“எந்த வழியாப் போறானாம்?”

“பொறப்படுத பிள்ளைகிட்ட எங்க போறேன்னு கேக்கலாமா மேடம்? போற காரியம் வெளங்குமா?”

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இவள், மகன் கப்பலேறிய நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதையே சாக்காக வைத்து அந்தக் கெட்டிக்காரனும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. இரட்டைச் சம்பளம் எதற்கு என்பதைச் சொல்லிவிட்டேன். அவள் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அதிலேயே கார்த்தியைக் கூப்பிட்டேன். அவன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்றது.

“ஆமா மேடம், செங்கடல்தான். சாயங்காலத்துக்குள்ள சம்மதம்னு கையெழுத்துக் கேக்காங்க.”

“உன் காண்ட்ராக்ட்டப் பாரு தம்பி. அந்தக் கடலுக்குள்ள வர மாட்டேன்னு சொல்ல உரிமை உண்டு. அவங்க செலவுல ஊருக்கு அனுப்பணும். அதுக்காகத் தண்டிக்கக் கூடாது.”

“எழுத்துல இருக்கு மேடம். பொறவு வேலைக்கு அனுப்புத ஏஜென்ட் அடுத்த கப்பலுக்குக் கூப்பிடாமலே இருந்துட்டா?”

சட்டம் அவனை இறக்கிவிடும். திரும்ப ஏற்றிவிடும் என்று நான் எப்படிச் சொல்வேன்? பாவமாக இருந்தது.

பேச்சியம்மாள் போனை வாங்கினாள்.

“ஏலே கார்த்தி, எங்கல போறே?”

“வீட்டுக்கு வாரேம்மா.”

அவள் அழுததைக் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். செத்த பாம்பைப் பார்ப்பதுபோல என் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நம்ம புக்கிங்க மாத்தும்மா. அந்தக் கப்பல்லயும் எவளோ பெத்த பிள்ளதான நிக்கான். சுத்தியே போவட்டும். பையர்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

பேசினார். பாதி ஆர்டர்தான் தங்கியது. முதலாளி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மாற்றச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கார்த்தி பயந்தபடியே ஏஜென்ட் வெகுநாள் கூப்பிடவில்லை. எங்கள் லோடிங்கில் நின்று பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவன், பிறகு வேறு கம்பெனிக் கப்பலில் ஏறினான்.

ஷிப்பிங் வேலைக்கு வரும் பிள்ளைகளே, புக்கிங் எடுக்கும்போது போய்ச் சேரும் தேதியை அப்புறம் கேளுங்கள். எந்த வழி என்று முதலில் கேளுங்கள்.

பேச்சியம்மாள் இப்போது மகனைப் பஸ் ஏற்றிவிடும்போது, கண்டக்டருக்கும் கேட்கும்படி கேட்கிறாள்:

“எங்கல போறே?”