மாமி கேட்ட மூன்று சென்ட்

"அக்கா, நம்ம மரத்துச் சக்க" என்று தம்பி இன்று காலையில் ஒரு பலாப்பழத்தை இறக்கிவைத்தான். அறை முழுக்க அந்த மணம் பரவியதும், எழுபதுகளில் மாமி குடியிருந்த ஆரியசாலைச் சந்து வாடகை வீடு நினைவுக்கு வந்தது.

மாமி, அப்பாவின் அக்கா. பாறசாலைத் தோட்டத்தில் அந்தப் பலாவை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவள்தான். "பொண்ணுக்குச் சீதனம் குடுத்தாச்சு" என்று சொல்லித் தோட்டம் முழுவதையும் அப்பாவுக்கே எழுதிவிட்டார்கள். வருஷந்தோறும் அப்பா ஒரு சக்கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். "எனக்கு எதுக்குடே இதெல்லாம்?" என்று சிரித்தபடி மாமி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுப்பாள். நல்ல சுளைகளை எங்களுக்கே கட்டித் தருவாள்.

ஒரு வருஷம் மட்டும், "அந்த மரத்து மூட்டுல ஒரு மூணு சென்ட் தருவியாடே? குடிச வச்சுக் கெடந்துக்கிடுவேன்" என்று மரத்தடியில் இடம் கேட்டாள். அப்பா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அடுத்த வருஷம் மாமிக்குச் சக்கை போகவில்லை. அதையும் நாங்களே தின்றோம், தித்திப்பாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வருஷம் நாங்கள் போனபோது மாமி இரண்டு கையாலும் சக்கையை வாங்கிக்கொண்டாள். நிலத்தைப் பற்றி அதன்பின் அவள் வாய் திறக்கவேயில்லை.

இப்போது அப்பா இல்லை. தோட்டம் தம்பி கையில் இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் அதில் பங்கு உண்டென்று நன்றாகத் தெரியும்.

"எனக்கு எதுக்குடே இதெல்லாம்?" என்று சிரித்தேன். சொன்ன பிறகுதான் முகம் சுட்டது. ஆனாலும் தம்பி டீயைக் குடித்து முடிக்கிறவரை பங்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.