அம்மா கன்னத்தில் பூசிப் பார்த்த மருந்து

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு நானும் அம்மாவும் முகாமாக மாறிய ஒரு பாடசாலையின் வகுப்பறையில் இருந்தோம். நாவலடியில் எங்கள் வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அப்பாவைச் சில நாட்கள் கழித்து வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு நடந்தது இதெல்லாம்.

அந்த வகுப்பறையில்தான் என் முகம் முழுக்கப் பருப் போட்டது. முன்பும் ஒன்றிரண்டு வந்து போகும். இது அப்படியல்ல. நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பலாக்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் வலி. சிரித்தால் வலி. சிரிக்க ஒன்றும் இல்லாததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

அடையாள அட்டைகளும் கடலோடு போய்விட்டதால் புதிய அட்டைக்குப் படம் எடுக்க முகாமுக்கு ஆட்கள் வந்தார்கள். மரத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவராக வகுப்பறை வாங்கில் இருத்தி எடுத்தார்கள். என் முறை வந்தபோது நான் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். படம் எடுக்கிறவர் "நிமிருங்க, நிமிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்து முடிந்ததும் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பக்கத்து வகுப்பறையில் இருந்த ஒரு அக்கா கண்டுவிட்டு, "உசிர் தப்பினதே பெரிசு. நீ பருவுக்கு அழுறாய்" என்றாள். அவள் தன் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மா மட்டும் அதை வெட்கப்படுகிற விஷயமாக எடுக்கவில்லை. அப்பாவின் காரியங்கள் முடிந்த பிறகு அம்மா அதிகம் பேசியதே என் முகத்தைப் பற்றித்தான். "எரியுதா கா? நகம் வெச்சிடாத" என்பாள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற 'கா' அது. முகாமுக்கு வெளிநாட்டு வைத்தியர்கள் வந்த அன்று காய்ச்சல்காரரும் காயக்காரரும் நின்ற வரிசையில் என்னையும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த வைத்தியப் பெண் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தன் சொந்தக் கைப்பையைத் திறந்து, ஊதாப் பட்டை போட்ட ஒரு வெள்ளை டியூப்பை எடுத்துத் தந்தாள். உழுந்தளவு எடுத்து, படுக்கப் போகும்போது மெல்லிசாகப் பூச வேண்டும், முதலில் எரியும், தோல் உரியும், பயப்படக் கூடாது என்று மொழிபெயர்க்கிற பையன் சொன்னான்.

எரிந்தது. தோல் உரிந்தது. நிவாரணத்தில் கிடைத்த நீலப் படுக்கை விரிப்பில் நான் கன்னம் வைத்துப் படுத்த இடமெல்லாம் சாயம் போய் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. விரிப்பின் சாயத்தையே எடுக்கிற மருந்து முகத்தை என்ன செய்யுமோ என்று அம்மா பயந்தாள். ஆனால் பங்குனி பிறக்கும்போது என் நெற்றி தெளிந்துவிட்டது. பிறகு கன்னங்கள்.

அந்த டியூப்பை நான் காத்த மாதிரி வேறொன்றையும் காத்ததில்லை. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பூசினேன். கடைசியில் அம்மா பிளேடால் அதை நெடுக்காகக் கீறி உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தந்தாள். அதற்குள் நாங்கள் அமிர்தகழியில் சின்னம்மா வீட்டு வளவுக்குள் ஒரு சிறிய வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். நான் உயர்தரம் படிக்கத் தொடங்கினேன். மருந்து முடிந்து கொஞ்ச நாளில் பருக்கள் திரும்பி வந்தன.

அம்மா வெறும் டியூப்பை லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு டவுனிலுள்ள மருந்துக்கடைகளுக்கெல்லாம் போனாள். எல்லோரும் அதன் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். "இந்தப் பேர்ல இல்ல" என்று திருப்பித் தந்தார்கள். கடைசியில் யாரோ சொல்லிக் காத்தான்குடியில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர். பாமசிப் படிப்பு முடித்த சான்றிதழ் அவர் தலைக்கு மேல் தொங்கியது. அவர் கீறிய டியூப்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்தார்.

"தங்கச்சி, இந்தப் பேரைச் சொல்லித் தேடினா கொழும்பிலயும் கிடைக்கா. முன்னுக்குப் பெரிசா இரிக்கிறது கம்பனி வெச்ச பேர். பின்னுக்குப் பொடி எழுத்தில இரிக்கே, பென்சோயில் பெரொக்சைட், இதுதான் மருந்து. அதை வேற கம்பனியும் செய்யும். இந்தியாவில செஞ்சது எங்கிட்ட இரிக்கி."

"அதுவும் இதுவும் ஒண்டா, காக்கா?" என்று அம்மா கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"மருந்து ஒண்டுதான். குழைக்கிற களிம்பு கொஞ்சம் வித்தியாசப்படும். வாசமும் மாறும். ஆனா மருந்துட வீரியத்தைச் சொல்ற இந்த நம்பரைப் பாத்து வாங்குங்க. இதிலயும் அஞ்சு, அதிலயும் அஞ்சு. சரியா?"

அவர் எடுத்து வைத்த பெட்டி மஞ்சள் நிறம். எழுத்துகள் கோணலாக அச்சாகியிருந்தன. டியூப் தகரம் மாதிரி நெளிந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் பூசமாட்டன். அது அந்த டொக்டர் தந்த மருந்தில்ல" என்று சொல்லிவிட்டேன். திறந்தால் வேறு வாசம் வந்தது. அந்த ஊதாப் பட்டை டியூப்புக்கு வாசமே இருக்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு அம்மா டியூப்பை எடுத்து, நகத்தில் உழுந்தளவு எடுத்து, தன் வலக்கன்னத்தில் பூசிக்கொண்டாள்.

"என்னம்மா செய்றீங்க?"

"பாப்பம். எரிஞ்சா அதே மருந்து. எரியாட்டி காக்காட்டத் திருப்பிக் குடுப்பம்."

அம்மாவுக்கு ஒரு பருவும் இல்லை. அவளுடைய முகம் எப்போதும் நீர் தெளித்த வாழையிலை மாதிரி இருக்கும். இரண்டு நாள் பூசியதும் அந்த ஒரு கன்னம் மட்டும் சிவந்து, வெங்காயச் சருகு மாதிரி உரியத் தொடங்கியது. இடியப்பம் வாங்க வந்த கடைக்காரர், "என்னக்கா, அடுப்புச் சுட்டுட்டுதோ?" என்று கேட்டார். "இல்ல தம்பி, மருந்து பாக்கிறன்" என்றாள் அம்மா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் பச்சைச் சேலைத் தலைப்பில், கன்னம் துடைத்த இடத்தில் வெளிறிய பொட்டொன்று விழுந்திருந்தது. அதைக் கண்டதும் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தச் சேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. "இஞ்ச பார், சாயம் போயிரிக்கு! அதேதான் கா!"

அன்று இரவு நான் பூசினேன். முகம் தெளிய முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலான நாள் எடுத்தது. ஆனால் தெளிந்தது.

அதன் பிறகு அந்த மஞ்சள் பெட்டியும் நிலையாகக் கிடைக்கவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை தொடங்கிவிட்டது. கரடியனாற்றுப் பக்கத்துச் சனம் பாயும் சட்டிபானையுமாக வாவியைக் கடந்து வந்துகொண்டிருந்தது. பாதைகள் ஒரு கிழமை திறக்கும், ஒரு கிழமை பூட்டும். லொறி வந்தால் கடையில் மருந்து இருக்கும். ஒருமுறை பச்சைப் பெட்டி கிடைத்தது, மறுமுறை பாகிஸ்தானில் செய்தது. ஒன்று கண்ணாடி போலத் தெளிவாக இருந்து பூசியதும் காய்ந்துவிடும். இன்னொன்று நெய் மாதிரி முகத்தில் நிற்கும். ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் அம்மாவின் வலக்கன்னம்தான் முதலில் போகும். ஒருமுறை டவுனில் அவசரத்துக்கு வாங்கியதில் அந்த நம்பரைப் பார்க்க மறந்துபோனோம். பத்து என்று இருந்தது. அம்மாவின் கண் வரைக்கும் வீங்கிவிட்டது. காக்கா தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏன் தங்கச்சி உங்கட முகத்தில பாக்கீங்க? முழங்கைக்கு உள்பக்கம் தடவிப் பாத்தாப் போதுமே" என்றார். அம்மா, "கைக்கு வந்தா எனக்கு மா பிசைய ஏலா. முகம் சும்மாதானே இரிக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

காத்தான்குடிக்குப் போய் வரக் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பெண்களைச் சோதிக்கப் பெண் சிப்பாய்கள் நிற்பார்கள். ஒருநாள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு புதியவள் நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"மே ஒயாத?"

இது நீயா என்று கேட்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அட்டையில் இருந்தது அந்தப் பலாக்காய் முகம், குனிந்த கண். இப்போது நிற்பவளுக்குத் தெளிந்த முகம். நான் "ஓவ், ஓவ்" என்று தலையாட்டினேன். அவள் அட்டையைத் திருப்பித் தரவில்லை. பின்னால் நின்ற ஒருவரைக் கூப்பிடத் திரும்பினாள். அந்தக் காலத்தில் அட்டையைத் தராமல் ஒருவரைக் கூப்பிட்டால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா முன்னுக்கு வந்தாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. என் பைக்குள் கையை விட்டு மருந்துப் பெட்டியை எடுத்தாள். படத்தில் இருந்த பருக்களை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு டியூப்பைக் காட்டினாள், பிறகு என் கன்னத்தை. சிப்பாய்ப் பெண் டியூப்பைப் பறித்து மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். முகம் சுளித்தாள். சந்தேகம் போகவில்லை. அம்மா அதை அவள் கையிலிருந்தே கொஞ்சம் பிதுக்கி, சனத்துக்கு நடுவில், வெயிலில், தன் வலக்கன்னத்தில் பூசிக்கொண்டாள். "இந்தா பாருங்க பிள்ள. நஞ்சில்ல. மருந்து."

சிப்பாய்ப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். தொப்பி விளிம்பு அழுத்திய இடம் நெடுகச் சிவந்த பருக்கள். வியர்வை பட்டுச் சில உடைந்தும் இருந்தன. அவள் கையால் தன் நெற்றியைக் காட்டி என்னிடம் என்னவோ கேட்டாள். அந்தச் சிங்களம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கேள்வி விளங்கியது.

நான் பெட்டியின் மூடிப்பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். பெரிய பெயரை விரலால் மறைத்து, பொடி எழுத்தையும் அஞ்சு என்ற நம்பரையும் காட்டினேன். "இதுதான், இதுதான்" என்றேன். அவள் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அம்மா தன் சின்னவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவுதான் பூசணும். கூடப் பூசினா எரியும், சொல்லிப்போட்டன்" என்று அவளிடம் தமிழிலேயே சொன்னாள். அவள் ஓம் என்பது போலத் தலையாட்டி, அட்டையை என் கையில் வைத்தாள்.

பாலம் முடியும் வரை அம்மா வேகமாக நடந்தாள். அக்கரைக்கு வந்த பிறகுதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எண்ட கடவுளே" என்றாள். பிறகு, "அதுக்கும் ஒரு தாய் இரிப்பாதானே. அவ பாத்தா எவ்வளவு கவலைப்படுவா" என்றாள். எனக்கு அன்று அந்தச் சிப்பாய்ப் பெண் மீது இரக்கம் எதுவும் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அடுத்தடுத்த முறை நாங்கள் போனபோது அவள் நின்றாள். ஒருமுறை அவள் நெற்றி சிவந்து உரிந்துகொண்டிருந்தது. அம்மா தூரத்திலிருந்தே கண்டு என் முழங்கையை இடித்தாள். பிறகொருநாள் நெற்றி ஓரளவு தெளிந்திருந்தது. எங்கள் பையைத் திறக்காமலே "யன்ன, யன்ன" என்று போகவிட்டாள். அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. இங்கே நின்றவர்களை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று சனம் பேசிக்கொண்டது. அவள் இருக்கிறாளா, இல்லையா, எனக்குத் தெரியாது. அம்மா சில காலம் பாலத்தடியில் அவளைத் தேடிப் பார்ப்பாள்.

சண்டை முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்திய அன்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இறந்தவர்களை நினைத்துச் சின்னம்மா அழுதாள். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. எவ்வளவு பேர் போனார்கள் என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

எனக்கு இருபத்தொரு வயது ஆகியிருந்தது. பருக்கள் தாமாகவே குறைந்துவிட்டன. மருந்தைக் கடைசியாக எப்போது பூசினேன் என்று நினைவில்லை. இப்போது நினைத்தால் மருந்தைவிட அந்தப் பொழுதுகள்தான் வருகின்றன. வாவியிலிருந்து காற்று வரும். நான் பாயில் இருந்து படிப்பேன். அம்மா ஒரு கன்னத்தில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு அடுத்த நாளுக்கு மா வறுப்பாள். இடையிடையே, "எரியத் தொடங்கிட்டுது கா" என்று சந்தோஷமாகச் சொல்வாள்.

அந்த வருடம் மாமாங்கத் திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் பயமில்லாமல் போனோம். கோயில் குளத்தில் கால் நனைத்துவிட்டு வளையல் கடைகளுக்கு வந்தோம். ஒரு வளையல்காரர் எங்கள் முகங்களையும் கைகளையும் பார்த்து, "அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே அளவுதான் போல" என்றார். நான் திருத்தப் போனேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்து, "ஓம் தம்பி, ஒரே அளவுதான். பச்சையில காட்டுங்க" என்றாள். கடையைத் தாண்டியதும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சனம் திரும்பிப் பார்க்கும்படி, தேர் வீதி நெடுக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே வந்தாள்.