மச்சானின் வலி நின்ற பிறகு

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்ததற்கு முதல் நாள் காலையில் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். உசிலம்பட்டியில் ஒரு மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

"மாப்ள, சட்டையை எடுங்க, போவோம். தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்துவீங்க?"

"ஒரு நாள் படுத்தாத்தான் என்ன மச்சான்? உங்க மடி எங்கயும் ஓடிப்போயிராது" என்று கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் அவர் வந்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. ஆடு வாங்கியாயிற்று, பந்தலும் போட்டாயிற்று. டாக்டரம்மாவோ உடனே மதுரைக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ பார்க்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதான் அடைப்பு கரைஞ்சிருச்சே?" என்றேன்.

"கட்டிதாங்க கரைஞ்சிருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பு படிஞ்ச இடம் வெடிச்சுப் புண்ணாயிருக்கு. அந்தப் புண்ணு அப்படியேதான் இருக்கு. அது மேல ரத்தம் திரும்ப உறையப் பாக்கும். கரையுற கட்டிக்குள்ள இருந்தும் உறைய வைக்கிற பொருள் வெளிய வரும். அதைத் தடுக்க மருந்து குடுத்திருக்கோம். ஆனா அதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது."

கையில் கீறல் பட்டால் உறைந்து நம்மைக் காப்பாற்றுகிற அதே ரத்தம்தான். நெஞ்சுக்குள்ளும் அது தன் வேலையைத்தான் செய்கிறது. இடம் பொருள் அதற்குத் தெரியாது.

மச்சான் மசியவில்லை. கடைசியில் என் மனைவி வந்தாள். "காதுகுத்தே வேணாம். வந்தவுக சாப்பிட்டுப் போகட்டும். நீ வண்டியில ஏறுண்ணே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்; ஆனால் ஏறினார்.

மதுரைக்குள் நுழைந்து பழங்காநத்தம் நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்தபோது என் கையைப் பிடித்தார். வேர்த்து ஊற்றியது. "மாப்ள, திரும்ப வலிக்குது. காலைல வந்ததை விட அதிகமா இருக்கு." கூட ஏறியிருந்த தங்கை அழுவதைப் பார்த்துவிட்டு, "அழுகாத. நல்லவேளை, பிள்ளை மடியில இருக்கையில வரல. பயந்துபோயிருக்கும்" என்றார்.

பெரிய மருத்துவமனையில் அடைத்த குழாயைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் இதயம் ஓய்ந்து, மச்சான் போய்விட்டார். எவ்வளவு நல்ல மனுஷன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காது இன்னும் மூளிதான். ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மகள்தான் பதில் சொல்கிறாள்: "மாமா வரவும் குத்திக்கிறேன்."