நால்வருக்கும் மெட்டு

ரீனா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் வந்தது. ஆலயத்தில் எங்கள் நால்வர் இசைக்குழுவில் செல்லோ வாசிக்கும் ஜெரோம் அண்ணன், பேக்கரி வேலையைப் போட்டுவிட்டுக் கையில் மாவோடு பள்ளி வாசலில் நின்றார். "ஏளா, நம்ம ரீனா போயிட்டா. காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டாம்" என்றார்.

ஆலய நினைவுக் கூட்டத்தில் உங்கள் முன் வாசிக்க இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது. அப்பாவுக்குத் தெரியாது.

துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் அக்காவைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். எங்களுக்கு அவர், வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாவை வாசிப்பவர். முதல் வயலின் ஆலயப் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர், இரண்டாவது நான். குழந்தைகள் பியானோவில் பழகும் பழைய மேற்கத்தியப் பாடங்களை எங்கள் நான்கு பேருக்கும் பிரித்து எழுதியவர் அக்கா. அப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெட்டு முழுவதையும் முதல் வயலினுக்கே கொடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு பேரும் துணைக்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாலு பேரு உக்காந்தா நாலு பேருக்கும் ஒரு தடவையாவது மெட்டு வரணும். சும்மா எடத்த அடைக்கதுக்கா வாரோம்?" என்பார்.

அவரும் தவறியிருக்கிறார். ஒருமுறை பியானோவில் இருந்த ஒரு ஸ்வரத்தை அப்படியே என் தாளில் எழுதிவிட்டார். அது வயலினின் கடைசித் தந்தியைவிடவும் கீழே போவது. வாசிக்கவே முடியாது. சொல்லப் பயந்து, மூன்று வாரம் அந்த இடத்தில் வில்லைத் தந்தியில் படாமல் அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"ஏளா, இது வயலின்லயே கெடையாதே. இத்தன நாளும் என்னத்த வாசிச்ச?"

"ஒண்ணும் வாசிக்கல, அக்கா."

"நான் இவ ரொம்ப மெதுவா வாசிக்கான்னுல்லா நெனச்சேன்" என்று ஜெரோம் அண்ணன் செல்லோ மேலேயே சாய்ந்து சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "எழுதினது என் தப்பு. வாயத் தொறக்காதது உன் தப்பு" என்று சொல்லி அழித்து எழுதினார்.

இந்தக் கூட்டத்துக்கான ஒத்திகையில், மூன்றாவது பாடத்தில் எனக்கு வரும் மெட்டைத் தாமே வாசிப்பதாகவும், அக்காவின் பகுதியைக் கீபோர்டில் போட்டுவிடலாம் என்றும் கொயர் மாஸ்டர் சொன்னார்.

"அக்கா எழுதினபடிதான் வாசிப்பேன், சார்."

"வாய் நீளுதே. உங்க அப்பாட்ட பேசுதேன்."

"நானும் அப்படித்தான் வாசிப்பேன்" என்றார் ஜெரோம் அண்ணன். "எனக்கு அப்பா இல்ல. யார்ட்ட பேசுவீங்க, சார்?"

அப்பா, நீங்களும் இங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள்; பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை வயலினைத் தொடாதே என்றீர்கள். தொட்டேன். உங்களிடமும் சாரிடமும் எனக்குப் பயம்தான். ஆனாலும் வயலின் வாசிப்பேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் பங்கு மெட்டு. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இப்போது மூன்றாவது பாடத்தை வாசிக்கப் போகிறோம். எனக்குப் பிறகு மெட்டு வியோலாவுக்குப் போகும். அங்கே மற்றவர்களின் துணை ஸ்வரங்கள் மட்டும்தான் கேட்கும். கீபோர்டை யாரும் தொட வேண்டாம். பாடம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அது அக்காவின் முறை. முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.