கண்ணை மூடிக்கொண்டு ‘வலது’ என்றவர்

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரிக்கு அந்த லேப்டாப் வந்த அன்று, எங்கள் பெரிய டாக்டர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பதினைந்து வருடமாக அங்கே பார்வை சோதித்த எனக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

அந்த லேப்டாப் மிஷினின் வேலை கான்ட்ராஸ்ட், அதாவது மங்கலைப் பிரித்துப் பார்க்கும் திறனை, அளப்பது. வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு எழுத்தைப் படிப்பது ஒரு பார்வை; விடியற்காலைப் பனியில் சாம்பல் நிற மாட்டைக் கண்டுகொள்வது வேறு பார்வை. இருட்டறையில், திரையின் இடது பக்கமோ வலது பக்கமோ மங்கலான கோடுகள் வரும். நோயாளி பக்கத்தைச் சொல்ல, நான் பட்டனைத் தட்டுவேன். ஒவ்வொரு பதிலையும் வைத்து, அடுத்து எதைக் காட்டலாம் என்று மிஷினே கற்றுக்கொள்ளும். கடைசியில் ஒரு கிராஃப் வரும். இதற்கு மெஷின் லேர்னிங் என்று பெயர் என, புரோகிராம் எழுதிய காலேஜ் பேராசிரியர் ஒருமுறை சொன்னார். டாக்டர் அதைத் தினமும் நாற்பது முறை சொன்னார்.

அந்த வாரம் செல்வம் வந்தார். நிலக்கோட்டைப் பூ வேனின் டிரைவர். சார்ட்டைக் கடைசி வரி வரை படித்துவிட்டார். ஆனால் இரண்டு நாள் முன்பு, விடியலில், மாட்டுவண்டி ஒன்றை முட்டப் பார்த்திருக்கிறார். கண் நன்றாக இருக்கிறது என்று சர்டிஃபிகேட் கொண்டுவந்தால்தான் சாவி என்று ஓனர் சொல்லிவிட்டாராம். கூடவே மனைவி பாண்டியம்மாள், சின்னாளப்பட்டியில் தறி நெய்பவர். எங்கள் பக்கம் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கூட வந்தவரை வெளியே நிறுத்தினால் சண்டைதான். நானே ஒரு ஸ்டூலை எடுத்து, கணவரின் முதுகுக்குப் பின்னால் போட்டுக் கொடுத்தேன்.

வலது கண் முடிந்தது. அப்படி ஒரு நல்ல கிராஃபை நாங்கள் பார்த்ததே இல்லை. டாக்டர் பூரித்துப்போய், கான்ஃபரன்சில் காட்டுவதற்குப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார்.

இடது கண் பாதியில், களைத்துப்போன செல்வம் கண்ணை மூடினார். மூடியபடியே “வலது” என்றார். கோடு வலது பக்கம்தான் இருந்தது. லைட்டைப் போட்டேன். பாண்டியம்மாளின் கை அவருடைய வலது தோளில் இருந்தது.

தறியில் அறுந்த இழையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் பாண்டியம்மாளுக்கு. மிஷின் அத்தனை சிரத்தையாகக் கற்றது அந்தக் கண்ணைத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. “ஏம்மா, நாளைக்கு வேன் எதுலயாச்சும் மோதப் போறப்பவும் பின்னாடி உக்காந்து தோளத் தொடுவியா?”

அவர் தலை நிமிரவில்லை. “அவுகளுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும் மேடம். வண்டிய விட்டு எறக்கிட்டா ஒடஞ்சு போயிருவாக. அதான்.”

அவரை வெளியே உட்காரவைத்து, செல்வத்தின் இரண்டு கண்ணையும் மறுபடி சோதித்தேன். கிராஃப் தரையோடு கிடந்தது. நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவருக்கோ கான்ஃபரன்ஸ் கவலை.

“மொத கிராஃப் நல்லாத்தானம்மா இருக்கு. மிஷின் பொய் சொல்லாது. ரெண்டாவத அழிச்சிருங்க.”

“மிஷின் பொய் சொல்லல சார். அந்தம்மா கண்ணு அம்புட்டு நல்லாருக்கு.”

நடந்ததைக் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் விளக்கு வைத்துச் சோதித்தார். இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துச் செல்வம் மறுபடி டெஸ்டுக்கு வந்தார். பாண்டியம்மாள் தானாகவே வெளியே நின்றுகொண்டார். இந்த முறை சர்டிஃபிகேட் கிடைத்தது.

கான்ஃபரன்சில் டாக்டர் காட்டியது முதல் கிராஃபைத்தான். நல்ல கைதட்டல் கிடைத்ததாம். அந்தக் கிராஃபுக்கு ஃப்ரேம் போட்டு, ‘ஆண், டிரைவர், வலது கண்’ என்று எழுதி, வரவேற்பறையில் மாட்டினார். நான் ஓய்வு பெறும் வரை பாண்டியம்மாளின் கண் அங்கேதான் தொங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிஷின் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்கும் முன், லைட்டைப் போட்டு, யாரிடம் கற்றுக்கொண்டது என்று பாருங்கள். ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தவள் சொல்கிறேன்.