சீல் மேடம் பிரித்த நோட்டு

பார்சல் கிடங்கில் பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை: வழியில் யாராவது பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது. எல்லோரும் 'சீல் மேடம்' என்பார்கள். அவள் பக்கத்தில் வந்தால், யோக்கியமான டிரைவர்கூடத் தன் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வான்.

இப்பேர்ப்பட்டவளுக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள். அந்த மகளுக்கு ஒரு போன். தினமும் மாலை ஏழு மணிக்குச் சோதனை. யாரோடு பேசினாள், எதைத் தேடினாள், எதை அழித்தாள், எல்லாம் அலசப்படும். மூன்று வாரமாக ஒன்றும் சிக்கவில்லை. அறிவியல் பாடம், நாளைக்கு மழை வருமா, அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்குங்க" என்றாள் கணவரிடம், துக்கச் செய்தி சொல்லும் குரலில்.

"நல்லதுதானே?" ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவருக்கு, சத்தம் போடாத எதுவும் ஒழுங்காக ஓடுவதாகத்தான் அர்த்தம்.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு போன் இப்படியா இருக்கும்? உங்களுக்கு வயித்தக் கலக்கலையா?"

"எனக்குப் பசிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மகள் குளிக்கப் போன நேரத்தில் பள்ளிப் பைக்கும் சோதனை நடந்தது. அடியில் ஒரு நோட்டு. அதைச் சுற்றிப் பழுப்பு டேப். அதுவும் கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்த அதே டேப்!

ஹேர் டிரையர் சூட்டில் டேப் கிழியாமல் உரிந்து வந்தது. உள்ளே இரண்டு கையெழுத்துகள், மகளுடையதும் அவள் தோழியுடையதும். அந்த வீட்டிலும் போனுக்கு இதே ராஜமரியாதை போலிருக்கிறது. இரண்டு பேரும் காகிதத்திலேயே சாட் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் மணி போட்டு, படித்ததற்கு அடையாளமாக நீலப் பேனாவில் இரண்டு டிக்.

முகப்பரு, கணக்கு வாத்தியாரின் விக், மறுபடியும் முகப்பரு. ஏமாற்றத்தோடு புரட்டியவளின் கை நின்றது. தோழி எழுதியிருந்தாள்: 'வியாழக்கிழமை டியூஷன் வாசல்ல அப்பாவப் பாக்கறேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா அதுவும் போச்சு. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.'

அந்த அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். அந்த அம்மாவோ சீல் மேடத்தோடு வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிறவள்.

டேப்பை ஒட்டி, நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். சாயங்காலம் மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிரிச்சியா?"

"எதை?"

"நான் ஒட்டினா கோணலாத்தாம்மா வரும். இது ஸ்கேல் வெச்சு ஒட்டின மாதிரி இருக்கு. இந்த வீட்ல இவ்வளவு நேரா ஒட்டறது யாரு? அப்பாவா?"

பதினெட்டு வருடமாக மற்றவர்களைத் திருதிருவென்று விழிக்க வைத்தவள், அன்று விழித்தாள்.

"உன் நல்லதுக்குத்தாண்டி..."

"என்னோடது மட்டும்னா ரெண்டு நாள் கத்திட்டு விட்டிருப்பேன். பாதி அவளோடதும்மா. பிரிச்சுப் படிச்சத நீயே அவகிட்ட சொல்லு."

மறுநாள் தோழி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கம்மாகிட்ட சொல்லிடுவீங்களா, ஆன்ட்டி?"

"சத்தியமா மாட்டேம்மா."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்மேல் நம்பிக்கை ஏன் குறைகிறது என்பது ஆராயப்பட வேண்டிய விஷயம்.

"எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் தோழி.

எழுதினாள், தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். தோழி அதை இரண்டு முறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்குதான்னு பாக்கலாம்டி" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.