குசாங்கின் முழங்கால்

குசாங் ஷெர்பாவின் காதுகளைப் பற்றிக் கும்ஜுங் கிராமத்தில் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். கல்யாணத்தன்று மூன்று வீடு தள்ளி மணப்பெண் யாங்ஜி “இந்த ஆளா?” என்று முணுமுணுத்தாளாம். சாங் என்ற பார்லிக் கள்ளைக் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, இருந்த இடத்திலிருந்தே “இதே ஆள்தான்” என்று பதில் சொன்னாராம். அது கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் பனிக்குள் விரிசல் ஓடுவது அந்தக் காதுக்கு முன்கூட்டியே கேட்கும் என்பது கட்டுக்கதை இல்லை.

பத்தொன்பது வருடம் அவருக்கு ஒரே வேலை. சோமோலுங்மாவின், அதாவது எவரெஸ்டின், அடிவாரக் கூடாரங்களுக்கு மேலே, வீட்டளவு பாளங்களாக உடைந்து இறங்கிக்கொண்டே இருக்கும் பனியருவியில் ஏணி போடுவது. பிளவுக்குப் பிளவு ஓர் அலுமினிய ஏணி, இரு பக்கமும் கயிறு. இந்த வேலை செய்பவர்களைப் பனியருவி டாக்டர்கள் என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர்கள். நோயாளியோ நாளுக்கு மூன்றடி நகர்கிறவள்.

“இன்று பனி சரியில்லை” என்று சொன்னால், ஏற வந்த வெளிநாட்டார் கேட்பதில்லை. “மலைத்தாய் கோபமாக இருக்கிறாள்” என்றால் மட்டும் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள். இதைக் கண்டுகொண்ட குசாங், வருடத்துக்கு ஒன்றாகச் சகுனம் தயாரித்தார். பூசைக் கம்பத்தில் உட்கார வந்த காகம் உட்காராமல் திரும்பிவிட்டது. எவனோ அடுப்பில் இறைச்சி சுட்ட வாடை அவள் மூக்கில் ஏறிவிட்டது. லாமாவின் மணி தானே கவிழ்ந்துவிட்டது. வந்தவர்கள் ஒருநாள் பொறுத்து ஏறினார்கள், உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

அந்த வசந்தத்தில் யாங்ஜியின் தம்பி புர்பா, சமையல் கூடாரத்திலிருந்து வழிகாட்டியாக உயர்ந்திருந்தான். புறப்படும்போது யாங்ஜி வாசலில் நின்று சொன்னாள்: “என் தம்பியை முழுசாக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நீயும் வராதே. உனக்கு ஒருத்தனுக்காக உருளைக்கிழங்கு அவிக்க மாட்டேன்.” சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் இருவரும் மலைத்திருப்பம் தாண்டும்வரை உள்ளே போகவில்லை.

மே மாதத்து முதல் வாரத்தில் பனியருவி பேச்சை நிறுத்தியது.

எந்நேரமும் முனகி, பல்லைக் கடித்து, சொடக்குப் போடும் பனி இரண்டு நாளாக மூச்சுவிடவில்லை. மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். குசாங்குக்குக் கண் மூடவில்லை. இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் அவள் இப்படி வாயை மூடினாள். அன்று அவருடைய கூட்டாளியோடு மூன்று பேர் போனார்கள். ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

விடிந்ததும் புர்பாவிடம் போய்ச் சொன்னார். “மாப்ளே, இன்னிக்கு வேண்டாம். அவ பேச மாட்டேங்குறா.”

“இந்த வருஷச் சகுனம் இதுதானா மச்சான்? காக்கா சோலி முடிஞ்சிருச்சா?”

“சகுனம் இல்லடா, நிஜம்.”

“போன வருஷமும் நிஜம்னுதான் சொன்னே. பின்பக்கம் அரிசியைப் போட்டு நீயே காக்காவை இழுத்தியே, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!”

கூடாரமே சிரித்தது. புர்பா கூட்டிப்போக வேண்டிய இரண்டு வெளிநாட்டாரும் சிரித்தார்கள்.

குசாங் அவர்களுக்கு முன்னால் நடந்தார். தொங்கும் பனிச்சுவருக்கு அடியில் ஒரு பெரிய பிளவு. மேலே ஒருவரும் இல்லை என்பதை முதல்நாளே உறுதி செய்திருந்தார். முடிச்சுகளை அவிழ்த்தார், ஏணியைப் பிளவுக்குள் தள்ளினார். அது விழுந்த சத்தம் மேலே வரவேயில்லை.

ஏணிக்காரனே ஏணியைத் தள்ளுவது அங்கே கேள்விப்படாத பாவம். எல்லாரும் கீழே திரும்பினார்கள். “இனி இந்த ஆள் கயிற்றைத் தொடக்கூடாது” என்றார் குழுத் தலைவர். புர்பாவுக்குத் தலை நிமிரவில்லை.

“எங்க குடும்பம் தள்ளின ஏணி. இன்னிக்கே நான் போட்டுட்டு வர்றேன்” என்று எழுந்தான். மணி பதினொன்று. வெயில் பனியைத் தொட்டபின் அங்கே ஏணி போட யாரும் போவதில்லை. அவனைத் தடுக்கச் செய்த காரியமே, அவனை இந்த நேரத்தில் மேலே அனுப்புகிறது என்பது குசாங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

“கயிற்றைத்தானே தொடக்கூடாதுன்னாரு” என்று புது ஏணியின் பின்முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

முன்னால் புர்பா, பின்னால் குசாங், நடுவே ஏணி. சுவரை நெருங்கும்போது, உச்சியில் எங்கோ ஒரு மெல்லிய ‘டிக்’. புர்பாவுக்குக் கேட்கவில்லை. சொன்னால் நம்பப்போவதும் இல்லை.

குசாங் தொப்பென்று உட்கார்ந்தார். “ஐயோ, முட்டி!”

“நடிக்காதே மச்சான்.”

“நடக்க முடியலடா. நீ போ. நான் இங்கயே கிடக்கேன். அக்காகிட்ட சொல்லிடு.”

புர்பா முறைத்தான். ஷெர்பாவுக்குப் பிறந்தவன் சகுனத்தை நம்பாமல் இருக்கலாம். நடக்க முடியாதவனைப் பனியில் விட்டுப்போக முடியாது. ஏணியைக் கீழே போட்டான். “கிழட்டு யாக் எருதே, ஏறித்தொலை” என்று முதுகைக் காட்டினான்.

“என்ன கனம்! கல்லையா தின்னே?”

“எல்லாம் உங்கக்கா சமையல். வேகமாப் போடா.”

“முட்டி போனவனுக்கு என்ன அவசரம்?”

அடிவாரச் சமவெளியில் கால் வைத்தபோது முதலில் காற்று வந்தது, அப்புறம்தான் சத்தம். இருவரும் குப்புற விழுந்தார்கள். வெள்ளைப் புழுதி அடங்கியபின் திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை, பிளவு இல்லை, ஏணி இல்லை.

புர்பா முகத்துப் பனியைத் துடைத்தான். “எந்த முட்டி?”

எழப்போன குசாங் மேலே பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

“இடது” என்றார், மலைக்குக் கேட்கும்படி உரக்க.

அதற்குப்பின் அவர் பனியை மிதித்ததில்லை. ஆனால் இன்றும் நொண்டுகிறார். சில நாள் மறந்துபோய் வலது காலை நொண்டுவார். “கதவைச் சாத்திட்டேன், நேரா நட” என்று யாங்ஜி சொன்னால், உதட்டில் விரல் வைப்பார். பனியின் வாய்க்குள் போக இருந்த இரண்டு பேரைப் பொய் சொல்லித் திருடி வந்தது மலைத்தாய்க்குத் தெரியக்கூடாதே.

புர்பா வசந்தம்தோறும் மேலே போகிறான். அந்த மாதங்களில் குசாங்கின் நொண்டல் கூடும். இரண்டு நாள் நடைத் தூரத்திலிருக்கும் பனியருவிக்காகச் சன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுப்பார்.

இந்த வருடமும் புர்பா போயிருக்கிறான். நேற்று முன்தினத்திலிருந்து பனியருவி பேசவில்லை.